சரிபாதி

"உனக்கு மணிக்கு எவ்வளவு தர்றாங்க, எலோய்?"

பதினெட்டு வருஷத் தாம்பத்தியத்தில் ரமோனா இந்தக் கேள்வியைக் கேட்டதேயில்லை. எலோய் வாய்க்குக் கொண்டுபோன டார்ட்டியா ரொட்டித் துண்டைத் தட்டிலேயே வைத்தான்.

"காலங்காத்தால என்ன பேச்சு இது?"

அவள் ஒரு தாளைப் பச்சைமிளகாய்க் குழம்புக்குப் பக்கத்தில் விரித்தாள். புவெப்லோ நகர ஆஸ்பத்திரிகளின் துணியை வெளுக்கும் சலவை ஆலையில் இருவருமே ஷிப்ட் சூப்பர்வைசர்கள். இன்னொரு சூப்பர்வைசர் தேவை என்று நேற்று அறிவிப்பு வந்திருந்தது. ஆள் எடுக்கும்போது சம்பளத்தையும் எழுதியே தீரவேண்டும் என்பது கொலராடோ மாநிலச் சட்டம். எழுதியிருந்தார்கள்: மணிக்கு இருபத்தேழு டாலர் முதல் முப்பத்திரண்டு வரை.

ரமோனாவுக்கு இருபத்தொன்று. அவள் அங்கே சேர்ந்து பதினான்கு வருஷம். எலோய் சேர்ந்து ஒன்பது. அவனுக்கு வேலை கற்றுக்கொடுத்தவளே அவள்தான்.

"முப்பத்தொண்ணு," என்றான் தட்டைப் பார்த்தபடி. "ஆரம்பத்துலேர்ந்தே உன்னவிட அதிகந்தான். வெளிய சொல்லாதேன்னான் மேனேஜர்."

"நான் வெளியாளா?"

வீட்டுக் கடன், கரண்ட், மளிகை எல்லாவற்றிலும் ஆளுக்குச் சரிபாதி என்று கல்யாணமான புதிதில் பெருமையாக வைத்துக்கொண்ட ஏற்பாடு. தன் பாதிக்குப் பற்றாமல் ரமோனா ஏழு வருஷமாக ஞாயிறுதோறும் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கைத் துடைத்துவந்தாள். மகள் யெசேனியா முதல் நற்கருணை வாங்கிய ஞாயிறன்றும், பூசை முடிந்த பிறகுதான் கோவிலுக்குப் போய்ச் சேர்ந்தாள். 'பரவால்ல, போட்டோ எடுத்து வச்சிருக்கேன்' என்று வாசலில் தேற்றியவன் இவன்தான்.

"அன்னிக்கும் உனக்குத் தெரியும்ல?"

"சொன்னா நீ சண்டைக்குப் போவ. ரெண்டு பேர் வேலையும் போயிருக்கும்." குரல் இறங்கிச் சொன்னான்: "வீட்ல நாந்தான் ஒசத்தின்னு ஒரு நெனப்பு, ரமோனா. அத விட மனசு வரல."

அவள் அழவில்லை. அன்று மதியமே மாநிலத் தொழிலாளர் அலுவலகத்தில் புகார்ப் படிவம் வாங்கினாள். அதே வேலைக்கு அதிகச் சம்பளம் வாங்கும் ஆணின் பெயர் கேட்டிருந்த இடத்தில் பேனா கொஞ்ச நேரம் நின்றது. பிறகு எலோயின் முழுப்பெயரை எழுதினாள்.

ஐந்து மாதத்தில் சம்பளம் ஏறியது. நிலுவையும் வந்தது, கூடவே, தவறுக்கு வருந்துவதாக ஆலையின் கடிதம். எலோய் கேக் வாங்கிவந்தான்.

"இனிமே ஞாயித்துக்கெழம வீட்லயே இரு. மூணு பேரும் எங்கயாவது போவோம்."

"யெசேனியாவுக்குப் பதினஞ்சு வயசாச்சு. அவளுக்கு ஞாயித்துக்கெழமைன்னா இப்ப சிநேகிதிங்கதான்."

"அதான் எல்லாம் சரியாயிடுச்சே. இன்னும் என்ன?"

ரமோனா கடிதத்தை மடித்து அவன் முன்னால் வைத்தாள்.

"ஆலைக்காரன்கூட வருத்தம்னு ஒரு வரி எழுதிட்டான், எலோய். நீ இன்னும் சொல்லல."