நடுக் குமிழ்

எனக்கு நன்றி சொல்ல வராது. என் வீட்டுக்காரரைக் கேட்டால் ஆமாம் என்று தலையை ஆட்டுவார். அதையும் நான் பார்க்காத நேரமாகப் பார்த்துத்தான் ஆட்டுவார். நான் நகரப் பேருந்து ஓட்டுகிறவள். பத்திரமாகக் கொண்டுபோய் இறக்கிவிட்டதற்கு எனக்கும் யாரும் நன்றி சொல்வதில்லை, நானும் யாருக்கும் சொல்வதில்லை, வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அப்படிப்பட்ட நான் ஒரே மேடையில் ஒரே ஆளுக்கு இரண்டு தடவை நன்றி சொல்ல வேண்டி வந்தது.

பேருந்து போக எனக்கு இருக்கிற இன்னொரு பிழைப்பு, நாலு தடித்த கம்பியும் கனத்த சத்தமுமாக இருக்கிற பேஸ் கிட்டார். பிழைப்பு என்றால் சோறு போடுகிற பிழைப்பு இல்லை, மனுஷியாக வைத்திருக்கிற பிழைப்பு. என் கொழுந்தன் டிரம்ஸ் அடிக்கிற குழுவில் நான்தான் பேஸ். பாடுவது ஒரு மழலையர் பள்ளி டீச்சர். கிட்டார் வாசிப்பது பல் டாக்டர். யார் கூப்பிட்டாலும் போவோம், கூப்பிடாவிட்டால் கொழுந்தன் வீட்டு கார் ஷெட்டில் வாசிப்போம். பேஸ் வாசிக்கிறவளை யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆனால் அவள் நிறுத்தினால் என்னவோ குறைகிறதே என்று எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு அது போதும்.

போன மழைக்காலத்தில் பணிமனையில் எண்ணெய் சிந்திய தரையில் வழுக்கி விழுந்தேன். இடது மணிக்கட்டு போயிற்று. உள்ளே தகடு வைத்துக் கட்டினார்கள். கட்டைப் பிரித்த அன்று எலும்பு டாக்டர் என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார்.

"பஸ் தாராளமா ஓட்டலாம்மா. கிட்டார்தான்... கம்பியை அழுத்துற பலம் முழுசா வருமான்னு இப்ப சொல்ல முடியாது. பாப்போம்."

அந்தப் 'பாப்போம்' இருக்கிறதே, அது வீடு வரைக்கும் என் கூடவே வந்தது.

நான் கட்டோடு கிடந்த மாதங்களில் குழுவில் எனக்குப் பதிலாக வாசித்தவர் எங்கள் தெருமுனை மருந்துக்கடைக்காரர். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். மாத்திரை அட்டையைக் கோடு பிசகாமல் கத்தரிப்பதுபோலவே வாசிப்பார் என்று கொழுந்தன் ஒருநாள் புகழ்ந்தான். அன்றிலிருந்து எனக்குத் தலைவலி மாத்திரை வேண்டுமென்றாலும் அடுத்த தெருக் கடைக்குத்தான் போனேன். அந்த ஆள் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. என் கோபத்துக்கு அதெல்லாம் தேவையும் இல்லை.

கைக்குப் பலம் வந்துகொண்டிருந்த சமயத்தில், நாங்கள் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த வாய்ப்பு வந்தது. பெரிய பூங்காவின் திறந்தவெளி மேடை. கொழுந்தன் வீட்டுக்கு வந்து, காபியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே உட்கார்ந்திருந்தான்.

"சொல்லுங்க தம்பி, வாயில என்ன கொழுக்கட்டையா?" என்றேன்.

"இல்ல அண்ணி... வர்ற ஞாயித்துக்கிழமை ஒத்திகைக்கு வாங்க. வாசிச்சுப் பாருங்க. சரியா வந்தா மேடை உங்களுது. கை ஒத்துழைக்கலேன்னா, இந்த ஒரு தடவை அவரே வாசிக்கட்டும்."

இந்த ஒரு தடவை! பணிமனையில் நான் பார்க்காததா? ஒரு தடத்தில் வேறு டிரைவரை ஒரு தடவை ஏற்றினால் போதும், அந்தத் தடம் திரும்ப நம் கைக்கு வராது. யாரும் பறிக்க மாட்டார்கள், தானாகப் போய்விடும்.

கிட்டார் சத்தத்தைப் பெருக்கித் தருகிற என் பழைய ஆம்ப்பில் ஸ்பீக்கர் கிழிந்து போயிருந்தது. புதிதாக ஒன்று வாங்க வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அங்கே கண்ணாடி அறை ஒன்று உண்டு. உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிடுவார்கள், நம் இஷ்டத்துக்கு வாசிக்கலாம். ஆம்ப்பில் மூன்று குமிழ்கள்: அடி ஒலிக்கு ஒன்று, நடு ஒலிக்கு ஒன்று, உச்சத்துக்கு ஒன்று. அடியைக் கூட்டினேன், உச்சத்தையும் கூட்டினேன். நடுவைக் கூட்டினால் மூக்கடைத்தவர் பேசுவதுபோல் இருந்தது. சீ என்று அதை முழுக்கக் குறைத்தேன். அடேயப்பா, என்ன சத்தம்! கீழே இடி, மேலே வெள்ளிச் சதங்கை.

"நெஞ்சுக்குள்ள பஸ் ஓட்டுற மாதிரி இருக்குடி," என்றார் அவர், சட்டைப் பித்தானைப் பிடித்துக்கொண்டு.

அதோடு விட்டேனா? கை பலவீனமானது வெளியே தெரியக் கூடாது என்று பெடல்களும் வாங்கினேன். காலால் மிதிக்கிற சின்னப் பெட்டிகள். ஒன்று, மெல்லத் தொட்டாலும் ஓங்கித் தட்டினாலும் எல்லாவற்றையும் ஒரே அளவாக்கிவிடும். ஒன்று, நாம் வாசிப்பதற்கும் கீழே இன்னொரு சுரத்தைத் தானாகச் சேர்க்கும். ஒன்று, ஒரு ஆள் வாசித்தால் நாலு ஆள் வாசிப்பதுபோல் விரிக்கும். வீட்டில் எல்லாவற்றையும் மாட்டி வாசித்தபோது அலமாரியில் தட்டுகள் கிடுகிடுத்தன. பக்கத்து வீட்டு அம்மா வந்து, தண்ணீர் மோட்டார் பழுதா என்று கேட்டுவிட்டுப் போனார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இனி என்னை யார் அசைக்க முடியும்?

ஞாயிற்றுக்கிழமை ஷெட்டுக்குப் போனால், மூலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் மருந்துக்கடைக்காரர் உட்கார்ந்திருந்தார், மடியில் கையைக் கட்டிக்கொண்டு. அவருடைய கிட்டார் பைக்குள்ளேயே இருந்தது. நான் வணக்கம்கூடச் சொல்லவில்லை. ஆம்ப்பை இடம் அடைக்காமல் சுவர் மூலையில் தள்ளிவைத்து, பெடல்களை வரிசையாகப் பரப்பினேன். பல் டாக்டர் எட்டிப் பார்த்து, "என்னக்கா, என் கிளினிக்ல கூட இவ்வளவு சாமான் இல்ல," என்றார்.

பாட்டு தொடங்கியது. பாதியில் கொழுந்தன் கையைத் தூக்கினான்.

"அண்ணி, நீங்க வாசிக்கிறீங்களா?"

"பின்ன என்ன, இங்க கோலமா போட்டுட்டிருக்கேன்?"

"கோச்சுக்காதீங்க. கேக்கவே இல்ல."

சத்தத்தைக் கூட்டினேன். மறுபடி தொடங்கினோம். இப்போது கேட்டது, ஆனால் என்ன கேட்டது? ஷெட்டின் தகரக் கதவு அதிர்ந்தது, தரை முனகியது, எங்கோ லாரி நிற்கிறதுபோல் ஒரு உறுமல். எந்தச் சுரம் என்று எனக்கே தெரியவில்லை. டீச்சர் ஒரு காதைப் பொத்திக்கொண்டு பாடினாள். இன்னொரு பெடலை மிதித்தேன். இன்னும் மோசம். கஞ்சியில் கையை விட்டுத் துழாவுகிறதுபோல் இருந்தது.

பாட்டு முடிந்தது. கொழுந்தன் டிரம் குச்சியையே பார்த்தான். டீச்சர் தண்ணீர் குடித்தாள். என்னை வம்புக்கு இழுக்காமல் ஒரு நிமிஷம் இருக்க முடியாத பல் டாக்டரே வாயைத் திறக்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கை போய்விட்டது. டாக்டரின் 'பாப்போம்' இதுதான். பார்த்தாயிற்று.

"சரி விடுங்க," என்றேன். காலால் ஒரு பெடலை அணைத்தேன். "சாரே வாசிக்கட்டும். எனக்கு அன்னைக்கு டியூட்டி வேற இருக்கு."

டியூட்டியாவது ஒன்றாவது. விடுப்புக்கு எழுதிக் கொடுத்து எத்தனையோ நாளாயிற்று. தோளிலிருந்து கிட்டாரைக் கழற்றப் போனேன்.

"மேடம், ஒரு நிமிஷம்." மூலையிலிருந்து மருந்துக்கடைக்காரர் எழுந்து வந்தார். "தப்பா நினைக்கலேன்னா, உங்க ஆம்ப்பை நான் தொடலாமா?"

தப்பாகத்தான் நினைத்தேன். ஆனாலும், எக்கேடோ கெட்டுப் போகட்டும் என்று கையை விரித்தேன்.

அவர் குனிந்து பெடல்களின் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். கிட்டாரிலிருந்து நேராக ஆம்ப்புக்கு ஒரே ஒயர். பிறகு பல் டாக்டரைக் கூப்பிட்டு, இருவருமாக ஆம்ப்பை மூலையிலிருந்து வெளியே இழுத்து ஒரு மரப்பெட்டியின் மேல் ஏற்றினார்கள். "மூலையில வச்சா சுவரும் சேந்து உறுமும்," என்றார், யாரிடமோ சொல்வதுபோல. கடைசியாகக் குமிழ்கள். அடியைக் குறைத்தார், உச்சத்தைக் குறைத்தார், நான் சீ என்று ஒதுக்கிய நடுக் குமிழை நன்றாகக் கூட்டினார்.

ஒரு கம்பியைத் தட்டிப் பார்த்தேன். தகர டப்பா!

"என்ன சார் இது? ஜலதோஷம் பிடிச்ச காக்கா மாதிரி இருக்கு! என்னை அசிங்கப்படுத்தணும்னே வந்தீங்களா?"

கொழுந்தன், "அண்ணி..." என்று இழுத்தான். அந்த மனிதர் முகம் மாறவில்லை.

"தனியா கேக்காதீங்க மேடம். கடையில தனியா கேட்டுத்தான வாங்கினீங்க? தனியா கேக்கறப்ப நீங்க வச்சிருந்ததுதான் அழகு. ஆனா இங்க கீழ டிரம்ஸ் உக்காந்திருக்கு. மேல கிட்டாரும் பாட்டும் உக்காந்திருக்கு. உங்களுக்கு மிச்சம் இருக்கிறது நடு சீட்டுதான். அதை நீங்களே காலி பண்ணிட்டு, இடம் இல்லேன்னு இறங்கப் பாக்கறீங்க. அவங்களோட சேந்து ஒரு தடவை வாசிங்க. அப்புறம் என்னைத் திட்டுங்க."

திட்டுவதற்காகவே வாசித்தேன்.

நாலாவது தட்டில் கொழுந்தன் நிமிர்ந்து பார்த்தான். எனக்கும் கேட்டது. என் விரல் விழுகிற ஒவ்வொரு இடமும், உருண்டையாக, தெளிவாக, அவனுடைய அடிக்குப் பக்கத்திலேயே தோளோடு தோள் உரசிக்கொண்டு. தனியே தகர டப்பாவாக இருந்த அதே சத்தம்தான். பாட்டுக்குள் போனதும் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டது. டீச்சர் காதிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே பாடினாள். பாட்டு முடிந்தும் கொழுந்தன் நிறுத்தவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே அடித்தான், அவன் கண் கலங்கியிருந்தது. நானும் நிறுத்தவில்லை.

நிறுத்தியபின், "கை?" என்று மட்டும் கேட்டேன். யாரைக் கேட்டேன் என்று தெரியவில்லை. அவர்தான் பதில் சொன்னார்.

"முதல் பாட்டுலேர்ந்து நான் சத்தத்தைக் கேக்கல மேடம், உங்க விரலைத்தான் பாத்துட்டிருந்தேன். ஒண்ணுகூட தப்பா விழல. கைக்கு ஒண்ணும் இல்லாதப்ப எதுக்கு இவ்வளவு மருந்து?"

அதற்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நான் சொன்னது இதுதான்: "இதை முதல் பாட்டுலயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?" என் வாய்க்கு அவ்வளவுதான் வரும்.

அவர் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிய பிறகுதான் டீச்சர் சொன்னாள். அவர் வீட்டம்மா, பெண்கள், மச்சான், கடையில் வேலை பார்க்கிறவர்கள் எல்லாருக்கும் பூங்காக் கச்சேரியைச் சொல்லிவைத்திருக்கிறாராம். புதுச் சட்டைகூட வாங்கியாயிற்றாம். வாயை மூடிக்கொண்டு அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தால் போதும், மேடை அவருடையது. நான் வாசலுக்கு ஓடினேன். அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தார்.

"ஏன் சார் சொன்னீங்க?"

"தப்பான மருந்தைச் சாப்பிட்டு ஒருத்தர் சோந்து போறதைப் பாத்துட்டுப் பேசாம இருந்தா, நாளைக்கு நான் எந்த மூஞ்சியோட கடையைத் திறக்கறது?" என்றார். சிரித்துவிட்டுப் போய்விட்டார். அப்போதும் நன்றி என்கிற அந்த வார்த்தை எனக்கு வரவில்லை.

கச்சேரி மாலை. பூங்கா நிறையக் கூட்டம். முன்வரிசையில் அவர் குடும்பத்தோடு வந்து உட்கார்ந்திருந்தார், அந்தப் புதுச் சட்டையில். எனக்கு முதல் பாட்டு முழுக்க அந்தச் சட்டைதான் கண்ணில் பட்டது. ஒரு பெடலும் இல்லாமல், ஒரே ஒயரோடு வாசித்தேன். கை வலித்தது, வலிக்கட்டும், வாசித்தது. கடைசிப் பாட்டு வருவதற்கு முன் டீச்சரின் மைக்கைப் பிடுங்கினேன்.

"நான் பேசறவ இல்ல," என்றேன். "என் கை போச்சுன்னு நினைச்சேன். போகலன்னு காட்டினவர் முன்னாடி உக்காந்திருக்கார். அவர் சும்மா இருந்திருந்தா, இப்ப அவர் இங்க, நான் அங்க. சார், ரொம்ப நன்றி."

கூட்டம் பேசாமல் என்னையே பார்த்தது. அவர் முன்வரிசையில் காதுக்குப் பின்னால் கையைக் குவித்து, "கேக்கல!" என்று சைகை காட்டினார். பாட்டு முடிந்ததும் மைக்கை அணைத்து வைத்திருந்தாள் அந்த டீச்சர்! கொழுந்தன் டிரம்ஸ் மேல் விழுந்து விழுந்து சிரித்தான்.

மைக்கைத் தூக்கி அவளிடமே எறிந்தேன். ஓடுகிற பேருந்தில் படிக்கட்டில் தொங்குகிறவனை உள்ளே வரச் சொல்கிற குரல் ஒன்று எனக்கு உண்டு. அதில் சொன்னேன்.

"ரொம்ப நன்றி சார்! மேல வாங்க. கடைசிப் பாட்டு உங்களுது!"

மாட்டேன் என்று தலையாட்டியவரை அவர் பெண்களே பிடித்துத் தள்ளினார்கள். என் கிட்டாரை என் கையாலேயே அவர் தோளில் மாட்டினேன். குமிழ்களைப் பார்த்தார், ஒன்றையும் தொடவில்லை. நான் இறங்கிப் போய் அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். இத்தனை வருஷத்தில் எங்கள் குழுவை நான் எதிரில் உட்கார்ந்து கேட்டதே இல்லை. அடியில் டிரம்ஸ், மேலே பாட்டு, நடுவில் அது, நான் உட்காருகிற இடம்.

அவருடைய வீட்டம்மா கவலையோடு என் பக்கம் சாய்ந்தார்.

"எல்லாம் சேந்து கேக்குது. இதுல அவர் வாசிக்கிறது எதுன்னு எனக்குத் தெரியலையேம்மா?"

"கீழ பாருங்க," என்றேன். "உங்க கால் ஆடுதுல்ல? அதுதான் அவர்."

அந்தம்மா குனிந்து தன் காலைப் பார்த்தார். பிறகு மேடையைப் பார்த்தார். பாட்டு முடியும்வரை என் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.