பணம் வேணாம், ஓநாயக் காட்டு

சென்னப்பன் முனிலட்சுமிக்குத் தர வேண்டியது ஆறாயிரத்து நானூற்று ஐம்பது ரூபாய். ஒரு செம்மறிக் குட்டியின் விலை. குட்டியை வாங்கிக் கொடுத்தது அவள். அஞ்செட்டிக் காட்டோரம் மேய்த்து வளர்த்தது ஒன்றுவிட்ட அண்ணனான அவன். விற்றால் ஆளுக்குப் பாதி என்று பேச்சு. ஓநாய் அடித்துவிட்டால் காதையோ தோலையோ கொண்டுவந்து காட்ட வேண்டும்; காட்டினால் நஷ்டம் இருவருக்கும் பொது. காட்டாவிட்டால் குட்டி விலை மேய்த்தவன் தலையில். ஆடி மாதம் சென்னப்பன் போன் செய்து, "ஓநா தூக்கினு போயிடுச்சு லச்சுமி, காதுகூட மிச்சமில்ல" என்றான்.

ஓசூரில் அவள் பெருக்கும் கம்பெனியில், லேத்து மிஷின்களுக்குக் கீழே கிடந்த இரும்புச் சீவலை அப்போது வாரிக்கொண்டிருந்தாள். விற்றால் வரும் பாதி போச்சே என்றுதான் முதலில் நினைத்தாள். சாயங்காலம் பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போது ஓநாய் வந்து மனசில் உட்கார்ந்துகொண்டது. என்ன உயரம் இருக்கும்? ஆட்டைக் கவ்விக்கொண்டு ஓடுமா, நடக்குமா? யாரையும் கேட்காமல் வந்து, தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு போய்விட்டதே! கம்பெனி கேட்டுக்கும் வாடகை வீட்டுக்கும் நடுவிலேயே ஓடித் தேய்ந்தவளுக்கு, அப்படியொன்றை ஒரு தரமாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது.

கூட வேலை செய்யும் தங்கமணி, விருதுநகர்ப் பக்கத்துக்காரி, கேட்டுவிட்டுச் சிரித்தாள். "அட போக்கா! அந்த ஓநாயி ரெண்டு கால்ல நடந்து சந்தைக்குப் போயிருக்கும்."

அதுதான் நடந்திருந்தது. கம்பெனிக்குத் தண்ணி கேன் இறக்க வரும் அஞ்செட்டி வண்டிக்காரன் கோபி ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டான். சென்னப்பன் பெண்டாட்டியை ஆஸ்பத்திரியில் சேர்த்த வாரம், முனிலட்சுமி வாங்கிக் கொடுத்த காது மடிந்த ஆட்டைச் சந்தைக்கு ஏற்றிப் போனது அவன் வண்டிதான். முனிலட்சுமி அதை யாரிடமும் சொல்லவில்லை. பொய் என்று தெரிந்ததும் ஆசை அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை. அஞ்செட்டிப் பக்கம் ஓநாய் இருப்பது பொய்யில்லையே.

கார்த்திகையில் சென்னப்பன் பணத்தோடு கம்பெனி வாசலுக்கே வந்துவிட்டான். எங்கெங்கோ புரட்டிய கசங்கல் நோட்டுகள்.

"எண்ணிக்க லச்சுமி."

"பணம் வேணாண்ணா. ஓநாயக் காட்டு."

"என்னாது?"

"என் ஆட்டத் தின்னுச்சே, அத. நான் பாக்க வேணாமா?"

"இதென்ன பொண்ணு பாக்கறதா? சொல்லிவுட்டா சீவி சிங்காரிச்சுக்கினு வந்து நிக்கறதுக்கு?"

"காட்டினா கடன் தீந்துச்சு. காட்டலன்னா பணத்த வாங்கிக்கறன். என்ன சொல்ற?"

அவன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். நோட்டை மறுபடி மடியில் செருகினான்.

"மார்கழில வா. கேவுரு அறுத்துட்டு நெலத்த சும்மா போட்டிருப்பாங்க. எருவுக்குன்னு நம்ம ஆட்ட அங்க பட்டி போடச் சொல்லுவாங்க. பட்டி எங்கியோ ஓநா அங்க. மறையறதுக்கு பயிரு இருக்காது, நல்லா தெரியும்."

அதற்குப் பிறகு வாரத்துக்கு வாரம் போனில் திட்டம் ஓடியது.

"பூ வெக்காத. வாசன எண்ண வேணாம். கண்ணாடி வளையலக் கழட்டிட்டு வா. செகப்பு சால்வ ஆவாது."

"எழவு ஊட்டுக்கு வர்ற மாதிரி வரச் சொல்றியா?"

"அப்பிடியேதான். அழுவ மட்டும் கூடாது."

திங்கட்கிழமைக்கு லீவு கேட்டபோது சூப்பர்வைசர் மூர்த்தி, "ஊர்ல என்னம்மா விசேஷம்?" என்றார். "ஓநா பாக்கப் போறன் சார்" என்றாள். அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

சனிக்கிழமை வேலை முடிந்து பஸ் ஏறினாள். ஞாயிறு விடியலில் இருவரும் பட்டிக்கு எதிரே பாறை மறைவில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். பனி இறங்கியது; பட்டி நாய்கள் குரைத்தன; வெயில் வந்தது. ஓநாய் வரவில்லை. அன்று பகலெல்லாம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. திங்கள் மத்தியானம் பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். கையில் பணத்தை வாங்கிக்கொண்டு திரும்புவதை நினைத்தால் அழுகை வந்தது.

மறுநாள் விடியுமுன் சென்னப்பன் நாய்களை ஓட்டிப்போய்த் தூரத்துக் கொட்டகையில் கட்டிவிட்டு வந்தான்.

"ஆட்ட அடிச்சுட்டா என்ன பண்ணுவ?" என்றாள்.

"நாயி இருந்தா அது வராது. பேசாம உக்காரு."

கிழக்கு வெளுக்கும்போது, அறுத்த கேழ்வரகுத் தாள்களுக்கு நடுவே, காய்ந்த புல் நிறத்தில் ஏதோ ஒன்று பனியிலிருந்து பிரிந்து வந்தது. அவள் நினைத்திருந்ததைவிட ஒல்லி. கால்கள் நீளம். பட்டியை ஒரு தரம் பார்த்தது. பிறகு தலையைத் திருப்பி அவர்கள் இருந்த பாறையை நேராகப் பார்த்தது. முனிலட்சுமி அதன் கண்ணையே பார்த்தாள். கூப்பிட்டால் எழுந்து பின்னாலேயே போயிருப்பாள். அது கூப்பிடவில்லை. அவசரமில்லாமல் வரப்பில் ஏறி, திரும்பிப் பார்க்காமல், காட்டுப் பக்கம் போய்விட்டது.

ஓநாய் மறைந்ததும் சென்னப்பன் அவள் பக்கம் திரும்பினான்.

"லச்சுமி, அந்த ஆட்ட ஓநா தின்னல. நான்தான்…"

"தெரியும். கோபி சொல்லிட்டான்."

"தெரிஞ்சுக்கினா இம்மாந் தூரம் வந்த?" மடியிலிருந்த பணத்தை எடுத்தான்.

அவள் வரப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே அவன் கையைத் தள்ளினாள்.

"காட்டிட்ட இல்ல? கடன் தீந்துச்சு. வாய மூடுண்ணா, பின்னால இன்னொண்ணு வருதான்னு பாக்கணும்."