ஏழாம் நம்பர் வீட்டுக்கு முதலாளி குடிபோனார்

சுரங்கத்துக் கூரை தலையில் இறங்காமலிருக்க, வெட்டும்போதே ஆங்காங்கே நிலக்கரியைத் தூணாக விட்டுவைப்பார்கள். மற்ற கரியெல்லாம் தீர்ந்ததும் கடைசியில் கை அரிக்கும். தூணையும் வெட்டத் தோன்றும். முதலாளிக்கும் தோன்றியது. சுரங்க எஞ்சினியரும் அவரேயாதலால், அவரே கேட்டு அவரே சம்மதித்தார்.

தூண்களுக்கு நேர் மேலே பன்னிரண்டு தொழிலாளர் வீடுகள். "ஒண்ணு விட்டு ஒண்ணு எடுத்தா ஓடுகூட நகராது" என்று எல்லாரிடமும் நாலு பக்கக் கணக்கைக் காட்டினார். யாரும் வாய் திறக்கவில்லை.

மனைவிதான் திறந்தாள். "அவ்வளவு பத்திரம்னா நாமளே அங்க போயிருவோம். ஏழாம் நம்பர் காலியாத்தான் இருக்கு."

இருபத்தாறு வருட இல்லறத்தில் அவள் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசி அவர் ஜெயித்ததில்லை. குடிபோனார்கள். சுவர் விரிசல் மேல் கண்ணாடித் துண்டு ஒட்டினார். சுவர் அசைந்தால் முதலில் கண்ணாடி உடையும்.

"அண்ணே, கட்டில அந்த மூலையில போடாதீங்க. வெடி வச்சா பல்லி விழும்" என்றாள் எட்டாம் நம்பர் பெண், துணி உலர்த்திக்கொண்டே.

பகல் பன்னிரண்டுக்கு முதல் தூணுக்கு வெடி. தரை ஒருமுறை விக்கியது. அலமாரியில் டம்ளர்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன.

"இதெல்லாம் சகஜம்" என்றார்.

"சகஜம்னா ஏங்க வாசல்ல போய் நிக்கிறீங்க?"

எப்போது வந்தோம் என்று அவருக்கே தெரியவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் கொடியிலிருந்து விழுந்த சட்டையை உதறி மறுபடி போட்டாள். அவ்வளவுதான். அதுதான் அவரை என்னவோ செய்தது. செருப்பைக்கூட மாட்டாமல் சுரங்க வாசலுக்கு நடந்தார்.

"நாலு மணிக்கு ரெண்டாவது தூண், சார். துளை போட்டாச்சு" என்றார் மேஸ்திரி.

"வேணாம். நிறுத்து."

"கண்ணாடி உடைஞ்சிருச்சா?"

"இல்ல."

"கணக்குல தப்பா?"

"கணக்கு சரிதான்யா. நான் அந்த வீட்டுக்குள்ள இருந்தேன்."

மேஸ்திரி அவரையும் அவர் வெறுங்காலையும் மாறி மாறிப் பார்த்தார். "நம்ம வீடு மூணாம் நம்பர், சார்."

"சொல்லியிருக்கலாமே?"

"நீங்க கேக்கல."

மேஸ்திரி சுரங்கத்துக்குள் போகும் போனை எடுத்தார்.

"வெடி வைக்காதீங்க. எல்லாரும் மேல வாங்க… ஆமா, தூணை எடுக்கப் போறதில்ல… முதலாளிதான் சொன்னாரு… இல்லப்பா, உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்காரு."