முன் மூன்று வரிசை

முதல் பஸ்ஸின் முன் மூன்று வரிசையில் கண்டக்டர் வேறு யாரையும் உட்காரவிட்டதில்லை. அது நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கீமோ ஏற்றிக்கொள்ளப் போகிறவர்களின் இடம். போக நாலு மணி நேரம், வர நாலு மணி நேரம். முடி கொட்டிப்போன தையல் டீச்சர்தான் அந்த வண்டிக்குச் 'சொட்டை எக்ஸ்பிரஸ்' என்று பெயர் வைத்தாள். முகம் சுளித்த ஒருவனிடம், "சீப்புச் செலவு மிச்சம் தம்பி, நீங்களும் சேர்ந்துக்குங்க" என்று சொல்லி அவனையும் சிரிக்கவைத்தாள். இன்றைக்கு நினைத்தாலும் கண்டக்டருக்கு அந்தச் சிரிப்புதான் முதலில் காதில் விழும். வாந்திப் பைகளெல்லாம் அப்புறம்தான்.

பிறகு அவர் மனைவியும் அந்த வரிசைக்கு வந்தாள். மொத்தம் ஆறு தடவை போகவேண்டும். நாலாவது தடவை திரும்பிய அன்று, செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் சாய்ந்து, "உங்க பஸ்ல இனி என்னால உட்கார முடியாதுங்க" என்றாள். கெஞ்சினார், கோபித்தார், மூன்று நாள் பேசாமல் இருந்தும் பார்த்தார். அவள் மசியவில்லை. அதற்கப்புறம் எட்டே மாதம்தான் இருந்தாள்.

மறுவருஷம், கீமோவுக்குப் போய்வருகிறவர்களைப் பற்றி விசாரிக்க ஒரு பெண் டாக்டர் அவரைத் தேடி வந்தார். ஊர் ஆஸ்பத்திரியிலேயே கீமோ வார்டு வேண்டும் என்று செருப்புத் தேய அலைந்துகொண்டிருந்தவர். இந்த ஊரிலிருந்து வரும் நோயாளிகள் வருஷா வருஷம் குறைகிறார்கள், வார்டு எதற்கு என்று மேலிடத்தில் கேட்டார்களாம். கடைசியாக ஒரு கூட்டம் பாக்கி. அதிலும் மறுத்தால் அவ்வளவுதான்.

கண்டக்டருக்குச் சுருக்கென்றது. குறையாமல் என்ன செய்யும்? வந்தவர்களை எண்ணிய புண்ணியவான்கள், பாதியில் நின்றவர்களை எண்ணவில்லையே. யார் எத்தனையாவது தடவையோடு நின்றார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. அவர் சொல்லச் சொல்ல டாக்டர் எழுதிக்கொண்டார். இருவரும் வீடு வீடாகப் போய் விசாரித்துச் சரிபார்த்தார்கள். பாதியில் நின்றவர்கள் நாற்பது பேர் என்று கணக்கு வந்தது. தன் வீட்டுக் கதையை மட்டும் கண்டக்டர் வாய்திறந்து சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது.

கூட்டத்தில் பெரிய அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பஸ் பயணத்துக்குப் பயந்து யாராவது வைத்தியத்தை விடுவார்களா என்று கேட்டார். டாக்டர் காகிதத்தைப் புரட்டுவதற்குள், சாட்சிக்கென்று அவரோடு வந்திருந்த கண்டக்டர் எழுந்துவிட்டார்.

"விட்டாங்க சார். அந்த லிஸ்ட்ல நாற்பது பேர்தான் இருக்கு. நாற்பத்தோராவது ஆள் என் சம்சாரம். டிக்கெட் கிழிச்சுக் குடுத்ததே நான்தான்."

டாக்டர் பேனாவை எடுத்து, கடைசி வரிக்குக் கீழே இன்னொரு வரி எழுதினார்.

இரண்டு வருஷம் கழித்து வார்டு திறந்தார்கள். தையல் டீச்சர் இருந்திருந்தால் அதற்கும் ஒரு பெயர் வைத்திருப்பாள். கண்டக்டர் அதற்குள் ஓய்வு பெற்றிருந்தார். திறந்த அன்று வீட்டைப் பூட்டிக்கொண்டு நடந்தே போனார். வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு நிமிஷம். மனசு கேட்கவில்லை. வீட்டுக்குத் திரும்பி வந்து, அந்தக் கடைசி நாட்களில் அவள் நடந்த நடையில், மதில் ஓரமாக நின்று நின்று, மறுபடியும் நடந்தார்.

பதினோரு நிமிஷம் ஆனது.