தரையைத் தொடும் துணி

நாத்தனார் துணி அலமாரி என்று நினைத்துத் திறந்த கதவுக்குப் பின்னால் துணி இல்லை. ஏணியும் இஸ்திரிப் பலகையும் மடக்கு நாற்காலிகளும் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து நின்றன.

"அம்மாவுக்குப் போர்த்த ஒரு போர்வை கேட்டேன். அதுக்கும் கண்ணாமூச்சி ஆடணுமா இந்த வீட்ல?"

"சோபாவுக்குள்ள இருக்கு அண்ணி."

மருமகள் சோபாவின் இருக்கையைத் தூக்கிப் போர்வையை எடுத்தாள். இருக்கை கை நழுவிச் சத்தத்தோடு விழுந்தது. கட்டிலருகே தரையில் உட்கார்ந்திருந்த அவள் கணவன் திடுக்கிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தான், தூக்கம் கலைந்துவிட்டதோ என்று பார்ப்பதுபோல. பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

போர்வையை மாமியாரின் மார்புவரை இழுத்துவிடும்போது அவள் ஜன்னல் பக்கம் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டாள். அங்கே இடுப்பளவு உயரத்தில் ஒரு வட்ட மேசை இருந்தது. வெண்ணெய் நிறத் துணி, சுருக்கு வைத்துத் தரைவரை தொங்கியது. மேலே தண்ணீர் ஜக்கும் ஒரு பூச்சாடியும். காலையிலிருந்து துக்கம் கேட்க வந்தவர்கள் டீ குடித்த டம்ளர்களை அதன் மேல்தான் வைத்துவிட்டுப் போனார்கள். ஒரு அம்மாள் அதில் கையூன்றி நின்று அழுதுவிட்டும் போனாள்.

அந்தத் துணிக்குள் ஆக்சிஜன் சிலிண்டர் இருந்தது. திறக்காத, நிரம்பிய சிலிண்டர். அது அவளுக்கு மட்டும் தெரியும். தெரிந்த இன்னொருத்தி கட்டிலில் கிடந்தாள்.

அவள் திரைச்சீலைக் கடையில் தைக்கிறவள். படுக்கை, சமையல், விருந்தாளி எல்லாம் ஒரே அறைக்குள் நடக்கிற வீட்டில் எதையும் கண்ணுக்குத் தெரியாமல், அதே சமயம் கண்ணுக்கு அழகாக ஒளித்துவைப்பது அவளுக்குக் கைவந்த கலை. பெட்டிகள் கட்டிலுக்கடியில், கட்டிலைச் சுற்றிப் பூப்போட்ட பாவாடை. அதிகப்படி மெத்தையை உறைபோட்டுச் சுவரோரம் நிறுத்தினால் அது சாய்மானம். துணி துவைக்கும் மெஷின்மேல் பலகை போட்டால் சாப்பாட்டு மேசை. மூச்சுக்கோளாறு வந்து, மூக்கில் குழாயும் பக்கத்தில் கரண்ட்டில் ஓடும் ஆக்சிஜன் மெஷினுமாகப் படுத்த பிறகு மாமியாரும் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "பார்க்க வர்றவங்க என்னைப் பார்க்கட்டும்டி. இந்தக் கண்றாவியெல்லாம் அவங்க கண்ணுல படவேண்டாம்." மெஷினைச் சுற்றிப் பிரம்புத் தட்டி வந்தது அப்படித்தான்.

புதிதாக எதை மறைத்தாலும் மாமியாரும் மருமகளும் அவள் கணவனிடம் மூச்சு விடமாட்டார்கள். அவனாகக் கண்டுபிடிக்க வேண்டும். பஸ் ஓட்டிவிட்டு அலுத்து வருகிறவன் அறை நடுவில் இடுப்பில் கைவைத்து முழிப்பதைப் பார்த்து மாமியார் இருமலுக்கு நடுவே சிரிப்பாள்.

நேற்று மதியம் சிலிண்டரை இறக்கிவிட்டு ஆள் போனதும் அதை ஸ்டாண்டில் நிறுத்தி, மேலே வட்டப் பலகையைப் பொருத்தி, துணியைத் தைத்து மாட்டினாள். "யார் சொல்லுவா இதை சிலிண்டர்னு? அவன்கிட்ட வாயைத் திறக்காதே, பார்ப்போம்," என்றாள் மாமியார். அவன் வந்தான், சாப்பிட்டான், படுத்தான். எதையும் கவனிக்கவில்லை. இன்று அவனுக்கு விடுமுறை. அவன் எழுவதற்குள் அவள் கடைக்குக் கிளம்பிவிட்டாள். அதன் பிறகுதான் கரண்ட் போயிற்று. அவன் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்த போன், தையல் மெஷின் சத்தத்தில் அவள் பைக்குள்ளேயே கிடந்தது.

"கரண்ட் போனா என்ன பண்றதுன்னு ஒருத்தருக்கும் யோசனை இல்லையாடா?" நாத்தனார் மூக்கைச் சிந்திக்கொண்டே கேட்டாள்.

"பழைய சிலிண்டர் காலிக்கா. புதுசு வரல. வீடு பூராத் தேடிட்டேன். நேத்தே நான் நேர்ல போய்க் கேட்டிருக்கணும்."

"கேட்டிருக்கணும். ஊரையே ஏத்தி இறக்கறே. பெத்தவளுக்கு ஒரு சிலிண்டர் ஏத்திட்டு வர முடியல உன்னால."

அவன் கழுத்து உள்ளுக்குள் இறங்குவதை அவள் பார்த்தாள்.

"அந்தச் சிலிண்டர் கடைக்காரனுக்குப் போனைப் போடு. ஏன் அனுப்பலன்னு நான் கேக்கறேன்."

மருமகள் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப எதுக்குக்கா. அப்புறம் கேட்டுக்கலாம்," என்றான் அவன்.

இப்போதே சொல்லிவிட வேண்டும். நாத்தனாரின் எதிரில், கட்டிலின் எதிரில். "என்னங்க," என்றாள். அவன் நிமிர்ந்தான். கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"டீ போடட்டுமா?"

"வேணாம்."

பிறகு அவன் மெதுவாகச் சொன்னான்.

"கையத் தூக்கித் தூக்கிக் காட்டினாங்கக்கா. ஜன்னல் பக்கம். தண்ணிதான் கேக்கறாங்கன்னு ஜக்குலேர்ந்து ஊத்திக் குடுத்தேன். தட்டிவிட்டாங்க. மறுபடி அங்கயே காட்டினாங்க. காத்து வேணுமோன்னு ஜன்னலைத் திறந்தேன். அப்பவும் கை இறங்கல. என்னதான் கேட்டாங்கன்னு கடைசிவரைக்கும் எனக்குப் புரியவே இல்ல."

நாத்தனார் அவன் முதுகைத் தடவினாள். "போற நேரத்துல அப்படித்தான் ஏதாவது காட்டுவாங்கடா."

மருமகள் போர்வையைப் பார்த்தாள். வலது கை இருந்த இடத்தில் துணி லேசாக மேடிட்டிருந்தது. அது அசைந்துவிடும் என்று தோன்றியது. அசையவில்லை என்று உறுதி செய்துகொள்ள அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள். அசைந்தால் எந்தப் பக்கம் காட்டும் என்று அவளுக்குத் தெரியும்.

வண்டி வந்துவிட்டது. மாடி வீட்டு வாத்தியார் வாசலில் நின்று கையால் அளந்து பார்த்தார். "ஸ்ட்ரெச்சர் திரும்பாதுப்பா. அந்த வட்ட மேசையைக் கொஞ்சம் ஓரம் கட்டிடு."

"நான் எடுக்கறேன்," என்று அவள் பாய்ந்தாள். அவன் அதற்குள் எழுந்துவிட்டான். ஜக்கையும் பூச்சாடியையும் எடுத்து அவள் கையில் கொடுத்தான். குனிந்து மேசையைக் கட்டிப்பிடித்துத் தூக்கப் பார்த்தான். அது இம்மியும் நகரவில்லை. துணியோடு சேர்ந்து அழுந்திய கை நின்றது. பிறகு மேலும் கீழுமாகத் தடவியது. அடியில் துணி ஒரு விரற்கடை விலகி, கறுப்புப் பெயின்ட் தெரிந்தது.

அவன் அப்படியே குந்தி உட்கார்ந்தான். அவள் ஜக்கை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"என்னடா, நகரலையா?" என்றாள் நாத்தனார்.

"கனமா இருக்குக்கா."

"இத்தனூண்டு மேசையா?"

"ஆடாம இருக்கறதுக்கு அடியில கல்லு வச்சிருக்கா." விலகிய துணியை இழுத்துத் தரையைத் தொடவைத்தான். சுருக்குகளை விரலால் நீவிச் சரிசெய்தான். "இது இங்கயே இருக்கட்டும். சோபாவை நகர்த்திக்கலாம்."

அவளைப் பார்க்கவில்லை. அம்மாவைத் தூக்கியபோதும், வண்டியில் ஏற்றியபோதும், திரும்பி வந்து கை கால் கழுவியபோதும் பார்க்கவில்லை. திட்டிவிட்டால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. வண்டியில், அத்தனை பேர் நடுவில், அவன் வாயைத் திறக்கும்போதெல்லாம் சொல்லிவிடப்போகிறான் என்று நினைத்தாள். அவன் வழி சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

சாயங்காலம் நாத்தனார் செருப்பை மாட்டிக்கொண்டே, "கடைக்காரன்கிட்ட கேட்டியா?" என்றாள்.

"அவங்க மேல தப்பில்லக்கா. நான்தான் அனுப்பச் சொல்ல மறந்துட்டேன்."

நாத்தனார் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். படியிறங்கிப் போனாள்.

கதவு சாத்தியதும் அறை இன்னும் சின்னதாகிவிட்டது. அவன் சோபாவில் உட்கார்ந்தான். அவள் அடுப்பு மேடையருகே நின்றாள். வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. கரண்ட் வந்திருந்தும் விளக்கைப் போட அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"இந்த வீட்ல என்னென்ன எங்கெங்க இருக்குன்னு எனக்குத் தெரியணும்," என்றான். குரல் உயரவில்லை. "எல்லாத்தையும் வெளிய எடு."

அவள் அலமாரியிலிருந்து ஏணியை எடுத்தாள். இஸ்திரிப் பலகையை எடுத்தாள். கட்டிலின் பாவாடையை அவிழ்த்துப் பெட்டிகளை ஒவ்வொன்றாக இழுத்தாள். சாய்மானத்தின் உறையைக் கழற்றினாள், மெத்தை சரிந்தது. சாப்பாட்டுப் பலகையை எடுத்தாள். பிரம்புத் தட்டியை விலக்கினாள், குழாய் சுற்றிய மெஷின் வெளியே வந்தது. அவன் ஒவ்வொன்றையும் முதன்முறை பார்ப்பதுபோலப் பார்த்தான். போதும் என்று சொல்லவில்லை. அறை நிரம்பிக்கொண்டே வந்தது. அவனுக்கும் அவளுக்கும் நடுவில் கால் வைக்க இடமில்லை.

கடைசியில் ஜன்னலோரம் வந்து சேர்ந்தாள். மண்டியிட்டு, இருட்டில் துணியின் ஓரத்தைத் தேடிப் பிடித்தாள்.

அவன் எழுந்து விளக்கைப் போட்டான்.