பதினொன்று இருபது காட்சி

என் கணவர் ஒரு படம் எடுத்திருக்கிறார் என்று சொன்னால், எல்லோரும் முதலில் கேட்பது "ஹீரோ யாரு?" என்றுதான். ஹீரோ கிடையாது, ஒரு சலவைக் கடைப் பெண்ணின் கதை என்றால், "அப்ப பாட்டு?" என்பார்கள். பாட்டும் கிடையாது என்றதும் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "பரவால்ல, அடுத்த படம் நல்லா வரும்" என்று ஆறுதல் சொல்வார்கள். எடுத்த படத்தை அவர்கள் பார்த்தே இருக்க மாட்டார்கள்.

பத்தொன்பது ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்த படம் அது. மற்ற நாட்களில் எல்லோருக்கும் வேறு பிழைப்பு இருந்தது. ஒளிப்பதிவாளர் கல்யாண வீடியோக்காரர். ஞாயிற்றுக்கிழமை எங்காவது கல்யாணம் வந்துவிட்டால் எங்களுக்குப் படப்பிடிப்பு இல்லை. கதாநாயகி பல் மருத்துவரிடம் உதவியாளராக இருப்பவள். டப்பிங் எங்கள் வீட்டுத் துணி அலமாரிக்குள் நடந்தது. என் துணிமணிகளுக்கு நடுவே அவள் தலையை நுழைத்துக்கொண்டு பேசினாள், அப்போதுதான் எதிரொலி வராதாம். ஒரு சுடிதாரை உருவினால்கூட சத்தம் மாறிவிடும் என்று ஒலிப்பதிவாளர் கையெடுத்துக் கும்பிட்டார். ஆகவே இரண்டு வாரம் ஒரே மூன்று உடுப்புகளை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு நான் அலுவலகம் போனேன்.

கதை இவ்வளவுதான். சலவைக்கு வந்த சட்டைப் பையில் ஒரு சாவி கிடைக்கிறது. அதை உரியவரிடம் கொடுக்க அந்தப் பெண் நாள் முழுக்க அலைகிறாள். நூற்று நான்கு நிமிடம்.

எடுப்பதைக்கூட எடுத்துவிடலாம், விற்பதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. என் கணவர் நான்கு விநியோகஸ்தர்களுக்குப் போட்டுக் காட்டினார். ஒருவர் இடைவேளையில் கிளம்பிப் போனார். எங்கள் படத்துக்கு இடைவேளையே கிடையாது, அவரே விட்டுக்கொண்டார். இன்னொருவர் "மனசைப் பிசைஞ்சிடுச்சு தம்பி" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதோடு போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். கடைசியில் ஓர் ஓடிடி நிறுவனம்தான் பிடி கொடுத்தது, அதுவும் ஒரு நிபந்தனையோடு. படம் தியேட்டரில் ஏழு நாள் தொடர்ந்து, ஒரு காட்சிகூட ரத்தாகாமல் ஓடியிருக்க வேண்டும். தியேட்டர் மேனேஜர் அப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். இல்லாவிட்டால் படம் எங்கள் வீட்டு அலமாரிக்கே திரும்பி வந்துவிடும்.

தலையால் தண்ணீர் குடித்து ஒரு தியேட்டரைப் பிடித்தோம். இருக்கிற அரங்குகளில் சின்னது, அறுபத்திரண்டு இருக்கை. தினமும் காலை பதினொன்று இருபதுக்கு ஒரே ஒரு காட்சி. உலகத்தில் வேலைவெட்டி உள்ள யாரும் சினிமா பார்க்க முடியாத நேரமாகப் பார்த்துக் கொடுத்திருந்தார்கள்.

மேனேஜர் கறாரான மனிதர். "ஒரு டிக்கெட்டாவது போனாத்தான் ஓட்டுவேன். ஒரு ஷோ நின்னாலும் கையெழுத்து கிடையாது. அப்புறம் அண்ணே ஆட்டுக்குட்டின்னு வந்து நிக்கக் கூடாது" என்றார்.

அன்றே நான் ஓர் அட்டவணை போட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். வெள்ளிக்கிழமை படக்குழு. சனி, ஞாயிறு சொந்தபந்தம். திங்கள் நாத்தனார். செவ்வாய் என் சித்தி. புதன் நான். வியாழன் யாராவது. விளம்பரம் என்று நாங்கள் நம்பியது இதைத்தான். போஸ்டரும் ஒட்டினோம், டிரெய்லரும் விட்டோம். அதற்கு லைக் போட்ட நாற்பத்தொரு பேரில் முப்பத்தெட்டு பேரை எனக்கு முறை சொல்லிக் கூப்பிடத் தெரியும்.

அட்டவணையில் ஒருவர் பெயர் மட்டும் இல்லை. என் மாமனார்.

மாமா பேருந்து பணிமனையில் முப்பத்திரண்டு வருஷம் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்பதைக் கடிகாரத்தைப் பார்த்து எழுதி, விசில் ஊதி அனுப்புவது அவர் வேலை. மகன் நிரந்தர வேலையை விட்டுவிட்டுப் படம் எடுக்கக் கிளம்பிய நாளிலிருந்து அவனிடம் நேராகப் பேசுவதில்லை. ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே, "ஏம்மா, உன் வீட்டுக்காரருக்கு உப்பு வேணுமான்னு கேளு" என்பார். முதல் நாள் காட்சிக்குக் கூப்பிட்டதற்கு முட்டி வலி என்றார். என் கணவருக்கோ அப்பா படத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று உயிர் துடிக்கும். வெளியே காட்டிக்கொள்ள மாட்டார். நான் கேட்டால், "அவருக்கெல்லாம் இது புரியாது" என்பார். புரியாதவர் சொல்லுக்காக மனுஷன் ஏன் இப்படி ஏங்க வேண்டும் என்று நான் கேட்பதில்லை.

திங்கட்கிழமை காலை பத்தரைக்கு நாத்தனாரிடமிருந்து போன். ஆபீஸில் மீட்டிங்காம். நான் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, மாமா செய்தித்தாளை மடித்து வைத்தார்.

"சும்மா போய் உக்காந்துட்டு வரணும், அவ்வளவுதான?"

"அவ்வளவுதான் மாமா. தூங்கக்கூடச் செய்யலாம்."

மத்தியானம் திரும்பி வந்தவர் செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிட்டார். "படமா அது? அந்தப் பொண்ணு மாடிப்படியில ரெண்டு நிமிஷம் நாப்பது செகண்ட் சும்மா நிக்குது. அந்த நேரத்துல நான் மூணு பஸ்ஸை அனுப்பிடுவேன்." உள்ளறையில் இருந்த இவருக்கு முகத்தில் ஈயாடவில்லை.

செவ்வாய்க்கிழமை என் சித்தி தயாராகத்தான் இருந்தாள். மாமா குறுக்கே விழுந்து, "அவங்களுக்கு எதுக்கு சிரமம், நான் வீட்டுல வெட்டியாத்தான இருக்கேன்" என்று கிளம்பிவிட்டார். அன்றைக்கு வந்து சொன்ன புகார்: சலவைக் கடைக்காரர் சட்டைக்கு இஸ்திரி போடும் முறை தப்பு. புதன்கிழமை நான் லீவு சொல்லியாகிவிட்டது என்றேன். "லீவை எல்லாம் சேத்து வைம்மா" என்று குடையை எடுத்துக்கொண்டார். அன்று புகார் எதுவும் சொல்லவில்லை. அதை நானும் அப்போது கவனிக்கவில்லை.

வியாழன், கடைசி நாள். மாமா வழக்கம்போல முன்னாலேயே போய்விட்டார். காட்சி முடிந்ததும் கையெழுத்து வாங்குவதற்காக நானும் இவரும் பன்னிரண்டரைக்குத் தியேட்டர் போனோம். உள்ளே போய் உட்காரலாமே என்றேன். "அப்பா இருக்கற ஹால்ல என்னால உக்கார முடியாது. எப்ப வாட்ச்சைப் பாப்பாருன்னே பாத்துக்கிட்டிருப்பேன்" என்றார்.

முன்கூடத்தில் நுழையும்போதே மாமாவின் குரல் கேட்டது. பணிமனையில் பழகிய குரல், விசில் இல்லாமலே கேட்கும்.

நடந்தது இதுதான். மாமாவுக்கு சர்க்கரை. நடுவில் எழுந்து பாத்ரூம் போயிருக்கிறார். அந்த நேரம் பார்த்துத் துப்புரவு செய்யும் அம்மா எட்டிப் பார்த்திருக்கிறாள். அறுபத்திரண்டு இருக்கையும் காலி. அவள் போய்ச் சொல்ல, மேனேஜர் படத்தை நிறுத்தி, விளக்கைப் போட்டு, பதிவேட்டில் 'காட்சி பாதியில் ரத்து' என்று எழுதிவிட்டார். ஏழாவது நாள், அறுபத்தோராவது நிமிடத்தில், எங்கள் படம் நின்றுபோனது. இவர் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார்.

"நீங்க டைரக்டரோட அப்பான்னு எனக்குத் தெரியாதா சார்?" என்றார் மேனேஜர். "டிக்கெட் வாங்கறது, உள்ள போய்த் தூங்கறது. நாலு நாளா பாக்கறேன். நீங்க ஆடியன்ஸ் இல்ல சார், வாடகை ஆள். காலி ஹாலுக்கு நான் ஏசி போட முடியாது."

"தூங்கினேனா? யாரைப் பாத்து? படம் எங்க நின்னுச்சு, சொல்லுங்க."

"எனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியும். பாத்ரூம்லேர்ந்து திரும்பி உள்ள நுழையும்போது கண்ணால பாத்தேன். மூணாவது மாடியில அந்தப் பெரியவர், 'இது என் சாவி இல்ல'ன்னு கதவைச் சாத்திட்டாரு. அதோட நின்னுடுச்சு. அடுத்தாப்ல என்ன வரும்? அந்தப் பொண்ணு ஒண்ணும் பேசாது. காலை மாத்தி மாத்தி வச்சு நிக்கும். ஏன்னு கேளுங்க."

மேனேஜர் வேறு வழியில்லாமல், "ஏன்?" என்றார். அவர் முகத்தில் இப்போது கோபம் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"செருப்பு கடிச்சிருக்குய்யா! காலையிலேர்ந்து நடக்குது, புதுச் செருப்பு. யாரும் சொல்ல மாட்டாங்க, நாமதான் பாத்துக்கணும். மொத நாள் நானும் சும்மா நிக்குதுன்னுதான் நெனச்சேன். மூணாவது தடவைதான் தெரிஞ்சுது. அது நடக்க முடியாம நிக்குது."

இவர் என் கையைப் பிடித்தார். அந்தச் செருப்புக்கடி இவர் யோசித்து யோசித்து வைத்த விஷயம். விநியோகஸ்தர்கள், நண்பர்கள், பேட்டி எடுத்த பையன், ஏன், இவரோடு குப்பை கொட்டுகிற நான் உட்பட ஒருவருக்கும் அது கண்ணில் படவில்லை. இவரும் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. இவர் கண் நிறைந்துவிட்டது, எனக்கும்தான்.

மேனேஜர் பேனாவை எடுத்துப் பதிவேட்டில் எழுதியதை அடித்தார். "சரி சார். நின்ன இடத்துலேர்ந்து போடச் சொல்றேன்."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் மாமா நகரவில்லை.

"மொதல்லேர்ந்து போடுங்க."

"சார்!"

"பாதியிலேர்ந்து பாத்தா என்ன புரியும்? மணி இப்ப பன்னெண்டு முப்பத்தஞ்சு. போட்டா ரெண்டு பத்தொம்பதுக்கு முடியும். உங்க அடுத்த படம் ரெண்டே முக்காலுக்கு. பெருக்கித் தள்ள இருபத்தாறு நிமிஷம் இருக்கு, தாராளம்."

வாழ்நாளெல்லாம் ஓட்டுநர்களோடு மல்லுக்கட்டிய மனிதரிடம் மேனேஜரின் பாச்சா பலிக்குமா? ஆபரேட்டரைக் கூப்பிட்டார்.

மாமா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகப் போனவர், நின்று, ஐந்து வருஷத்துக்கப்புறம் மகனைப் பார்த்து நேராகப் பேசினார். "என்னடா மரம் மாதிரி நிக்கற? டிக்கெட் எடுத்துட்டு உள்ள வா. எனக்கு மறுபடி பாத்ரூம் வந்தா யாரு உக்காந்திருக்கறது?"

இரண்டு டிக்கெட் எடுத்துக்கொண்டு நாங்களும் போனோம். மாமாவுக்கு அந்தப் பக்கம் இவர், இந்தப் பக்கம் நான். சாவி கிடைக்கிற இடம் வரை இவரால் சும்மா இருக்க முடிந்தது. அதற்கு மேல் தாங்காமல், அப்பா பக்கம் சாய்ந்து, இந்தக் காட்சியை எப்படி எடுத்தோம் தெரியுமா என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார்.

"உஷ்" என்றார் மாமா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "பேசாம பாருடா, இப்பத்தான் நல்ல இடம் வரும்."