ஒரே ஒரு பாதாம்

காபூலிலிருந்து வெகு தூரத்தில், நீலி நகருக்கு மேலே இருக்கும் எங்கள் பள்ளத்தாக்கில் பாதாம் மரம் இல்லாத வீடு கிடையாது. பிள்ளை பெற்றவளுக்கும் காய்ச்சலில் கிடந்து எழுந்தவனுக்கும் நாங்கள் கொடுப்பது அதைத்தான். அதனால், சகீதாதின் கால்கள் வீங்கி, வாசல் வரை நடந்தாலே மூச்சு வாங்கியபோது அவன் மனைவி ஸீவர் செய்ததை ஒருவரும் தப்பு சொல்லவில்லை. பாதாமை ஊறவைத்துத் தோலுரித்து, உரலில் இடித்துப் பாலாக்கி, தினமும் காலையில் தன் கையாலேயே புகட்டினாள்.

அவன் தேறவில்லை. முகமும் வீங்கியது. லாரியில் ஏற்றி நீலி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

“என்னம்மா சாப்பிடறார்?” என்று டாக்டர் கேட்டார்.

“பாதாம் பால்தான் டாக்டர். ஒரு நாள்கூட விட்டதில்ல.” அதைச் சொல்லும்போது அவளுக்குப் பெருமையாகவே இருந்தது.

டாக்டர் ரத்தப் பரிசோதனைச் சீட்டை எடுத்துக் காட்டினார். “ரெண்டு சிறுநீரகமும் கெட்டுப்போச்சும்மா. பாதாம் நல்ல சாப்பாடுதான், சத்து நிறைய. ஆனா அதுல இருக்கற பொட்டாசியத்த இவரோட உடம்பால வெளிய தள்ள முடியாது. ரத்தத்துல தேங்கினா இதயமே நின்னுடும்.”

“அப்போ நான்தான் இப்படி ஆக்கினேனா?”

“இல்ல. நோய் ரொம்ப நாளா உள்ள இருந்திருக்கு. இனிமே குடுக்காதீங்க.”

காபூலுக்குப் போய், உயிருள்ளவரை அங்கேயே இருந்து ரத்தத்தைச் சுத்திகரிக்க வேண்டுமாம். சகீதாத் தலையை ஆட்டி மறுத்தான். “வீட்டுக்குப் போலாம் ஸீவர். அங்க யார நமக்குத் தெரியும்?”

அறுவடை வந்தது. ஜன்னலோரம் படுத்தபடி, கழியால் மரங்களை அடிக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

“ஒண்ணே ஒண்ணு குடேன்.”

“முடியாது.”

“நான் நட்ட மரம்டி. திருடன் வந்தாக்கூட ரெண்டு பொறுக்கித் தின்னுட்டுப் போவான்.”

“திருடன் பொழைச்சுக்குவான். நீங்க?”

அவன் சிரித்தான். சிரிப்பு இருமலாகி வெகுநேரம் நிற்கவில்லை. அதன்பின் கேட்கவே இல்லை. முதல் பனி விழுந்த வாரம் இறந்துபோனான்.

துக்கத்துக்கு வந்த பெண்கள் எல்லோருக்கும் முன்னால் அவனுடைய அக்கா மர்ஸியா கத்தினாள். “தோப்பு நிறைய காய்ச்சுக் கெடந்துச்சு! சாகப்போறவனுக்கு ஒண்ணு குடுக்க மனசு வரலியே உனக்கு!” ஸீவர் தலைகுனிந்தபடி வந்தவர்களுக்குத் தேநீர் ஊற்றினாள். நாங்களும் மர்ஸியாவைத் தடுக்கவில்லை.

பனி உருகிப் பாதை திறந்ததும் ஸீவர் தனியாக நீலிக்குப் போனாள். அதே டாக்டர்தான் இருந்தார். “ஒண்ணு குடுத்திருந்தா என்ன ஆயிருக்கும்?” என்று கேட்டாள்.

அவர் தயங்கினார். “ஒண்ணால ஒண்ணும் ஆயிருக்காதும்மா.”

திரும்பி வந்தவள் தன் வீட்டுக்குப் போகவில்லை. நேரே மர்ஸியாவிடம் போனாள்.

“நீங்க சொன்னது சரிதான் அக்கா. குடுத்திருக்கலாமாம். டாக்டரே சொல்லிட்டார்.”

மர்ஸியா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். திட்டத்தான் வாயெடுத்தாள், முடியவில்லை.

“இத ஏன் என்கிட்ட வந்து சொல்ற, பைத்தியக்காரி? மறைச்சிருக்கலாம்ல?”

“வேற யார்கிட்ட அக்கா சொல்வேன்?”

மாவுக் கையோடு மர்ஸியா அவளை இழுத்துத் தன்மேல் சாய்த்துக்கொண்டாள். இரண்டு பேரும் அழுத சத்தம் எங்கள் முற்றம் வரை கேட்டது.